வாய் இறுகுவதும் நாடி இறுகுவதும்

திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்கள் பெரியப்பாவுக்கு 58 வயது. இருபது வயதிலிருந்து வெற்றிலை போடுகிறார். இப்போது வாய்க்குள் இரண்டு விரல்தான் நுழைகிறது. உறைப்புப் பட்டால் எரிகிறது என்கிறார். பிரசருக்கும் குளிசை பாவிக்கிறார். ஒரு செடியின் சாறு வாய்ப் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியை நிறுத்துகிறது, இறுகிய நாடியையும் இளக்குகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்களாம். குளிசையை விட்டுவிட்டு அதைக் குடிக்கலாமா? வாய்க்கும் நாடிக்கும் அப்படி என்ன தொடர்பு?"

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரசர்க் குளிசையை நிறுத்த வேண்டாம். பெரியப்பாவை இந்தக் கிழமையே ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு விரல் மட்டும் நுழையும் வாய், உறைப்புக்கு எரியும் கன்னம், முப்பது வருடத்துக்கு மேலான பாக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற விடயம் அல்ல. மற்றதெல்லாம் ஆறுதலாக வாசிக்கலாம்.

நான் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவன். வெளியூரில் ஒரு ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் புற்றுக் கலங்களை வளர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் வெற்றிலை வட்டா எப்போதும் திண்ணையில் இருக்கும். கடைசிக் காலத்தில் பல் போனபிறகு சின்ன உரலில் பாக்கை இடித்துத்தான் போடுவா. யார் வந்தாலும் முதலில் வட்டா முன்னால் வரும், மறுகாதான் பேச்சு. படுவான்கரை வயல் வட்டைகளில் வெட்டுக்கும் சூடடிக்கும் நிற்பவர்களுக்கும், இரவில் வாவியில் வலை போடுபவர்களுக்கும் வெற்றிலைதான் தூக்கம் கலைக்கிற மருந்து. அதனால் உங்கள் பெரியப்பாவை ஏசுவதற்கு எனக்கு வாய் வராது. பாக்கில் இருக்கிற அரிகோலின் என்ற பொருள் நரம்புகளில் வேலை செய்கிறது. உடம்பு சூடாவதும், வியர்ப்பதும், ஒரு சுறுசுறுப்பு வருவதும் அதனால்தான். பழகிவிட்டால் விடுவது கஷ்டம். அது பலவீனம் அல்ல, இரசாயனம்.

இனி வாய்க்கு வருவோம். பெரியப்பாவுக்கு இருப்பது, பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், பெரும்பாலும் வாயின் மெல்லிய சவ்வுக்கு அடியில் நார் படிந்து இறுகுகிற நோய். கிளினிக் கொப்பியில் ஓஎஸ்எஃப் என்று எழுதுவார்கள். 1952 இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார். எங்கெல்லாம் பாக்கு மெல்லுகிறார்களோ அங்கெல்லாம் இது இருக்கிறது.

கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால், நல்ல வாயில் ஈரமான மென்மை தெரியும். இந்த நோயில் செங்குத்தாகக் கயிறு கட்டினமாதிரி நாண்கள் தட்டுப்படும். சவ்வு வெளிறி, பளிங்கு மாதிரி இருக்கும். என் உறவில் ஒரு மாமாவுக்கு நான் கையுறை போட்டுத் தடவியபோது, தோல் செருப்பின் வாரைத் தொட்டது போலிருந்தது. அந்த உணர்வு இன்னும் விரலில் இருக்கிறது.

ஏன் இப்படி இறுகுகிறது? நமது இழையங்களைத் தாங்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரத நார். நார்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் மட்டும் பலம் வராது. ஒன்றை மற்றொன்றோடு முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சைப் போடுகிற நொதியத்துக்கு லைசில் ஒக்சிடேஸ் என்று பெயர். அது வேலை செய்ய செம்பு வேண்டும். பாக்கில் மற்றக் கொட்டைகளை விடச் செம்பு அதிகம். ஒரு பக்கம் அரிகோலின் நார் செய்கிற கலங்களைத் தூண்டுகிறது, மறுபக்கம் செம்பு முடிச்சுப் போடுகிறவனுக்குத் தீனி கொடுக்கிறது. பழைய நாரை வெட்டி அகற்றுகிற வேலையும் குறைந்துவிடுகிறது. வலையைப் பின்னிக்கொண்டே போய், பழைய வலையை எறியாமல் வைத்திருந்தால் தோணியில் இருக்க இடம் இராது. கன்னத்தில் நடப்பது அதுதான். 1999 இல் இலங்கையரான பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்ட குழு, இந்த இறுகல் நோயிலும் வாய்ப் புற்றிலும் லைசில் ஒக்சிடேஸ் அதிகரித்திருப்பதைக் காட்டியது.

இந்த நோய் எல்லாருக்கும் புற்றாக மாறுவதில்லை. கேரளாவின் எர்ணாகுளத்தில் 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில் 7.6 வீதமானவர்களுக்கு மாறியது. நூறு பேரில் ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருக்கும்போது அது சின்ன எண் அல்ல. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து, வெறும் பாக்கு பரவாயில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தரத்தில் வைத்திருக்கிறது. தாய்வானில் பொதுவாகப் புகையிலை சேர்க்காமல்தான் மெல்லுகிறார்கள், அங்கும் வாய்ப் புற்று நிறைய.

சரி, நாடிக்கு வருவோம். பாடசாலையில் நாடி, நாளம் என்று படித்திருப்பீர்கள். இதயத்தில் இருந்து புறப்படுகிற பெருநாடி வெறும் குழாய் அல்ல. அது ஒரு குளம் மாதிரி. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தை நினைத்துப் பாருங்கள். மாரியில்தான் மழை கொட்டுகிறது, ஆனால் சம்மாந்துறை வட்டையில் சிறுபோகத்துக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. இதயமும் அப்படித்தான் விட்டு விட்டுத் தள்ளுகிறது. தள்ளும் நேரத்தில் பெருநாடி விரிந்து கொஞ்சக் குருதியை வைத்துக்கொள்ளும். இதயம் ஓய்கிற நேரத்தில் சுருங்கி அதை முன்னால் அனுப்பும். அதனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ஓட்டம் அறுந்து அறுந்து போகாமல் சீராக இருக்கும்.

விரியும் சக்தியைத் தருவது இலாஸ்டின் என்ற இன்னொரு புரதம். கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் பின்னியதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பாவிக்கிறோம். பிறகு புதிதாக ஒழுங்காகச் செய்துகொள்ள முடிவதில்லை. வருடக்கணக்கில் விரிந்து சுருங்கி அது இற்றுப்போக, அந்தச் சுமை கொலாஜன் மேல் ஏறுகிறது. சீனி வருத்தம் இருந்தால் குருதியில் மிஞ்சிய சீனியே கொலாஜன் நார்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டு கூடுதல் முடிச்சுகளைப் போடுகிறது. சுவர் விரியாவிட்டால் மேல் பிரசர் ஏறும், கீழ்ப் பிரசர் இறங்கும். வயதானவர்களுக்கு 170 க்கு 70 என்று அளவு வருவது இதனால்தான்.

இந்த இறுக்கத்தை அளக்க ஒரு வழி உண்டு. கழுத்தில் ஒரு கருவி, தொடையிடுக்கில் ஒரு கருவி. நாடித்துடிப்பு அலை ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். இளகிய சுவரில் அலை மெதுவாகப் போகும், இறுகிய சுவரில் விரைவாகப் போகும். அரை மீற்றர் தூரத்தை ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்தால் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. தாய்வானில் 2017 இல் வந்த ஒரு ஆய்வு, பாக்கு மெல்லுபவர்களிடம் நாடி இறுக்கம் அதிகமாகக் காணப்படுவதாகச் சொன்னது. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்பதைத்தான் அப்படியான ஆய்வு காட்டும். ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. வாய்க்கும் நாடிக்கும் என்ன தொடர்பு? என்னைக் கேட்டால், தொடர்பு இறுக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கலம் தான் உட்கார்ந்திருக்கிற தரை எவ்வளவு கடினமானது என்பதை உணர்கிறது. நாம் பாய் விரித்த தரையையும் பஞ்சு மெத்தையையும் முதுகால் அறிவது போல, கலம் தன் சின்னக் கால்களால் தரையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. 2006 இல் அமெரிக்காவில் ஒரு குழு, பல வகைக் கலங்களாக மாறக்கூடிய ஒரே வகைத் தண்டுக் கலங்களை வெவ்வேறு கடினமுள்ள ஜெல்களில் வளர்த்தது. மூளை போல மென்மையான ஜெல்லில் இருந்தவை நரம்புக் கலம் போல நீண்டன. கடினமான ஜெல்லில் இருந்தவை எலும்புக் கலத்தின் பக்கம் போயின. தரையின் கடினமே கலத்தின் தலைவிதியைத் திருப்பியது. 2009 இல் எலிகளின் மார்புப் புற்றில் இன்னொரு விடயம் தெரிந்தது. லைசில் ஒக்சிடேஸ் முடிச்சுப் போட்டு இழையம் இறுக, புற்றும் வேகமாக முன்னேறியது. அந்த நொதியத்தைத் தடுத்தபோது பின்தங்கியது. 2011 இல் இத்தாலியக் குழு ஒன்று இதன் நடுவில் இருக்கிற தூதுவரைக் காட்டியது. யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள். தரை மென்மையாக இருந்தால் அவை கலத்தின் கருவுக்கு வெளியே சும்மா இருக்கும். தரை இறுகினால் கருவுக்குள் புகுந்து "வளர், பிரி" என்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பும்.

நாடிச் சுவரில் இருக்கிற தசைக் கலங்களும் இதே செய்தியைத்தான் கேட்கின்றன. சுவர் இறுகினால் அவை பெருகி, இன்னும் கொலாஜன் செய்கின்றன. அதனால் சுவர் இன்னும் இறுகுகிறது. கன்னத்தில் இந்தச் சுழல் புற்றுக்குத் தரை தயார் பண்ணுகிறது, பெருநாடியில் பிரசரை ஏற்றுகிறது. பாக்கு மரபணுவையும் நேரடியாகச் சேதப்படுத்துகிறது என்பதால் இறுக்கம் மட்டுமே புற்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

அப்படியென்றால் முடிச்சுப் போடுகிற நொதியத்தை நிறுத்தினால் இரண்டு நோயும் தீருமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. 1952 இல் சுவீட் பீ என்ற பூச்செடியின் விதையை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். எலிகளின் முதுகெலும்பு வளைந்தது. பெருநாடிச் சுவர் கிழிந்து பிரிந்தது. அந்த விதையில் இருந்த பொருள் லைசில் ஒக்சிடேஸைத் தடுக்கிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. முடிச்சு இல்லாத பெருநாடி அழுத்தம் தாங்காது. மனிதரிலும் இந்த நொதியத்தின் மரபணு பழுதான குடும்பங்களில் பெருநாடி வீங்குவதை 2016 இல் கண்டார்கள். கன்னத்தில் அளவுக்கு மீறி முடிச்சுப் போடுகிற அதே கைதான் இதயத்துக்குப் பக்கத்தில் உயிரைக் கட்டிவைத்திருக்கிறது. அதன் சகோதர நொதியம் ஒன்றை மட்டும் தடுக்க சிம்டுசுமாப் என்ற மருந்து செய்து, கணையப் புற்றிலும் ஈரல், நுரையீரல் இறுகல் நோய்களிலும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு, நல்ல விளக்கத்தோடு செய்த மருந்துதான். அதுவே தோற்றது என்பதை நினைத்துக்கொண்டு, செடிச் சாற்றைப் பற்றிய செய்தியை வாசியுங்கள்.

ஆய்வுகூடத்தில் அந்தச் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசல், அதற்குள் சில ஆயிரம் புற்றுக் கலங்கள். சாற்றை ஊற்றி ஒன்று இரண்டு நாள் வைப்போம். பிறகு ஒரு மஞ்சள் பொருளைச் சேர்த்தால், உயிருள்ள கலங்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் கலம் குறைந்தது என்று எழுதுவோம். எத்தனையோ பின்னேரங்கள் அந்த ஊதா மங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் சோர்ந்துபோன கலமும் ஊதாவைக் குறைக்கும், செத்த கலமும் குறைக்கும். சில செடிச் சாறுகள் கலமே இல்லாமல் தாமே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். உப்பைக் கூட்டி ஊற்றினாலும் கலம் சாகும். நல்ல கலத்தை விட்டுவைத்துப் புற்றுக் கலத்தை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. பல கட்டுரைகளில் அந்த ஒப்பீடே இருக்காது.

இன்னொன்று, அந்தப் பிளாஸ்டிக் வாயின் இழையத்தை விட இலட்சக்கணக்கான மடங்கு கடினம். தரையின் கடினம் கலத்தை மாற்றும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் கல் போன்ற தரையில் வளர்ந்த கலம் காட்டுகிற குணம் பெரியப்பாவின் கன்னத்தில் இருக்கிற கலத்தின் குணமாக இருக்க வேண்டும் என்றில்லை.

அளவும் இருக்கிறது. நாம் தினமும் கறியில் போடுகிற மஞ்சளையே எடுங்கள். அதில் உள்ள குர்குமின், குழியில் 10, 20 மைக்ரோமோலர் செறிவில் வாய்ப் புற்றுக் கலங்களை அடக்கும். மனிதருக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்த ஆய்வில், குருதியில் சராசரி 2 மைக்ரோமோலரைக்கூடத் தாண்டவில்லை. குடல் அதை உள்ளே விடுவதில்லை. மஞ்சள் நல்ல பொருள், கறியில் போடுங்கள். அதை மருந்தாக நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

நாடியை இளக்குகிறது என்ற பகுதி பெரும்பாலும் எலியின் பெருநாடியில் ஒரு வளையம் வெட்டி, வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டுப் பார்த்ததாக இருக்கும். சாறு பட்டதும் வளையத்தின் தசை தளரும். தசை தளர்வது வேறு, சுவரின் நார் முடிச்சு அவிழ்வது வேறு. முதலாவது சில நிமிடத்தில் நடந்து சில மணித்தியாலத்தில் போய்விடும். இரண்டாவதைச் சுலபமாகச் செய்கிற மருந்து இன்னும் நம் கையில் இல்லை. பிரசரைக் கட்டுப்படுத்துவது, சீனியைக் கட்டுப்படுத்துவது, சிகரெட்டை விடுவது, உப்பைக் குறைப்பது, நடப்பது ஆகியவை இறுகும் வேகத்தைக் குறைக்கின்றன. பெரியப்பாவின் குளிசை செய்கிற வேலையும் அதுதான்.

ஒரு விடயத்தை வைத்தியர்களும் சில நேரம் விளக்கமாகச் சொல்வதில்லை. வாய்ப் புற்றுக்குக் கழுத்தில் கதிர் சிகிச்சை கொடுத்தால், அந்தக் கதிர் பட்ட கழுத்து நாடிகளும் வருடங்கள் போகப் போக இறுகி ஒடுங்கலாம். பக்கவாதம் வருகிற வாய்ப்புக் கூடும். அதற்காகக் கதிர் சிகிச்சையை மறுக்கக் கூடாது, அது உயிரைக் காப்பாற்றுகிறது. சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தவர் பிரசர், கொழுப்பு, சீனி மூன்றையும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். புற்று மாறிவிட்டது என்று கிளினிக்கை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெரியப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாக்கை முழுதாக நிறுத்த வேண்டும். புகையிலையை மட்டும் எடுத்துவிட்டுப் பாக்கைத் தொடர்வதில் பிரயோசனம் இல்லை. 2016 இல் புகையிலை சேர்ந்த மெல்லும் பொருட்களை அரசாங்கம் தடை செய்தது, ஆனால் வட்டாவில் இருக்கிற பாக்கை எந்தச் சட்டமும் எடுத்துவிடாது. வாய் திறக்கும் பயிற்சியைக் கிளினிக்கில் சொல்லித் தருவார்கள். படிந்த நார் முழுவதும் கரைந்துபோகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மேலும் இறுகாமல் நிறுத்துவதே பெரிய காரியம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வாய்ப் பரிசோதனை இலவசம். மேலதிகச் சிகிச்சை தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, கொழும்புக்கு ஓடத்தான் வேண்டும் என்று முதலிலேயே பயப்படத் தேவையில்லை.

வாயைத் திறந்து பார்ப்பது சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் பயிற்றப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் இருந்தவர்களிடம் வாய்ப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான். நமது நாட்டிலும் 1980களிலேயே குடும்பநல ஊழியர்களைக் கொண்டு இப்படிப் பார்க்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்யலாம். பெரியப்பாவை வெளிச்சத்தில் இருத்தி, முடிந்தளவு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மேல் முன்பல்லின் நுனியில் இருந்து கீழ் முன்பல்லின் நுனி வரை பாடசாலை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். வளர்ந்தவருக்குச் சாதாரணமாக 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை வரும். வந்த அளவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, பிரசர் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே நேரத்தில் அளந்து எழுதிக்கொண்டு வந்து, கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.